ஏழிலும் ஐந்திலும் சொந்த ஜாஸ் மெட்டு: வீட்டிலேயே ரெக்கார்டிங் செய்ய முழுமையான வழிகாட்டி

பாளையங்கோட்டையில் மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்று, நான்கு மைக் மாட்டி அவற்றின் சத்தத்தை லேப்டாப்புக்கு அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று, பழைய லேப்டாப் ஒன்று. இவ்வளவுதான் எங்கள் ஸ்டூடியோ. இங்கே வாசிக்க வரும் பையன்களில் பாதிப்பேர் சர்ச்சில் டிரம்ஸும் கீபோர்டும் வாசித்துக் கை பழகியவர்கள். நான்கு தட்டு, ஆறு தட்டு என்றால் தூக்கத்தில்கூட வாசிப்பார்கள். ஏழு என்றதும் பாரின் (ஒரு தாளச் சுற்றுதான் பார்) கடைசியில் ஒரு தட்டைச் சேர்த்து எட்டாக்கிவிடுவார்கள். அவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்குப் பழகிப்போன வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு ஒரே மெட்டை எடுத்துக்கொள்வோம். 'ஏ' பகுதி 7/8 (பாருக்கு ஏழு எய்த் நோட்), 16 பார். 'பி' பகுதி 4/4 (பாருக்கு நான்கு குவார்ட்டர் நோட்), 10 பார். பி பகுதியில் டிரம்ஸ் நான்கில் போகும், பேஸ் கிடார் மட்டும் ஐந்து தட்டுச் சொற்றொடர் ஒன்றைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். வேகம், நிமிஷத்துக்கு 120 குவார்ட்டர் நோட். அதில் பாதி நீளம்தான் எய்த் நோட்.

1. பிரிப்பை முடிவு செய்யுங்கள், மைக்கைத் தொடாதீர்கள்

7/8 என்று மட்டும் சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது. 3+2+2 ஒரு நடை, 2+2+3 வேறொரு நடை, 2+3+2 இன்னொன்று. ஒருவர் மனதில் 3+2+2 ஓடும்போது மற்றவர் 2+2+3 எண்ணினால், பாரின் தொடக்கத்தில் இருவரும் சேர்வார்கள், நடுவில் முட்டிக்கொள்வார்கள். கேட்பவருக்கு அது வேண்டுமென்றே இரண்டு தாளத்தை ஒன்றாக ஓடவிடும் பாலிரிதமாகப் படாது, தப்பாகத்தான் படும்.

பிரிப்பை வாயால் சொல்லுங்கள். 3+2+2 என்றால் 'தகிட தக திமி'. 2+2+3 என்றால் 'தக திமி தகிட'. கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த வீட்டில் மிஸ்ர சாபுவும் கண்ட சாபுவும் ஏற்கெனவே காதில் இருக்கும், அந்தக் காதை அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம். டிரம்ஸ் வாசிக்கிற பையனைக் குச்சியைக் கீழே வைக்கச் சொல்லி, தொடையில் தட்டிக்கொண்டே அரை மணி நேரம் சொல்ல வையுங்கள். நாக்கு தடுமாறும் இடத்தில் கையும் தடுமாறும். நாக்கைத் திருத்துவது சீக்கிரம் நடக்கும்.

இன்னொரு கேள்வியையும் இப்போதே தீர்த்துக்கொள்ள வேண்டும்: ஸ்விங்கா, நேர் நடையா? ஸ்விங் என்பது எய்த் நோட்டுகளை இரண்டிரண்டாகக் கோத்து, முதலாவதை நீட்டி இரண்டாவதைக் குறுக்குவது. 7/8-இல் எய்த் நோட் ஏழுதான், இரண்டிரண்டாகக் கோத்தால் ஒன்று மிஞ்சும். அடுத்த பாரில் நெடிலும் குறிலும் இடம் மாறிவிடும். ஸ்விங் வேண்டுமென்றால் மெட்டை 7/4-இல் எழுதுங்கள். அங்கே 14 எய்த் நோட் இருக்கிறது, ஜோடி உடையாது. எங்கள் உதாரண மெட்டு நேர் நடை.

2. இரண்டு தாளமும் எங்கே சந்திக்கும் என்று கணக்குப் போடுங்கள்

புதிதாக வருபவர்கள் குழப்பிக்கொள்ளும் இரண்டு வார்த்தைகள் பாலிரிதமும் பாலிமீட்டரும். ஒரே நீளத்தை ஒருவர் மூன்றாகவும் இன்னொருவர் நான்காகவும் பங்கு போட்டால் அது பாலிரிதம். தட்டு ஒன்றேதான், ஆனால் ஒருவர் சுற்று நான்கு தட்டு, மற்றவர் சுற்று ஐந்து தட்டு என்றால் அது பாலிமீட்டர். முதல் வகையில் இருவரும் ஒவ்வொரு பாரிலும் சந்திப்பார்கள். இரண்டாவதில் சந்திப்பு தள்ளிப் போகும்.

மூன்றுக்கு நான்கு பாலிரிதத்தைப் பழக நான் சொல்லிக்கொடுக்கும் வழி இது. நான்கு தட்டுக்கும் காலைத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு 'தகிட' சொல்லுங்கள், மொத்தம் 12 அட்சரம். இப்போது முதல் தகிடவில் 'த'வுக்கும், இரண்டாவதில் 'கி'க்கும், மூன்றாவதில் 'ட'வுக்கும் கை தட்டுங்கள். நான்காவது தகிடவில் கை சும்மா இருக்கட்டும். கால் நான்கு, கை மூன்று. பத்து நிமிஷம் விடாமல் செய்தால் கை தானாகப் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் பி பகுதி பாலிமீட்டர் வகை. நான்குக்கும் ஐந்துக்கும் பொதுவான மடங்கு 20. இருபது தட்டு என்றால் 5 பார். ஆகவே பேஸும் டிரம்ஸும் ஐந்து பாருக்கு ஒருமுறை சந்திக்கும், 10 பாரில் இரண்டு சுற்று முழுதாக முடியும். பி பகுதியை 10 பார் வைத்ததே இதற்காகத்தான். வழக்கம்போல 8 பார் வைத்திருந்தால் 32 தட்டில் ஐந்து ஆறு முறை போய் இரண்டு தட்டு மிஞ்சும். மிஞ்சுவதில் தப்பில்லை. அந்த இரண்டு தட்டில் பேஸ் என்ன வாசிக்கும் என்று எழுதி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எழுதாமல் விட்டால் ஒவ்வொரு டேக்குக்கும் (ஒரு முறை வாசித்துப் பதிவு செய்வதுதான் டேக்) ஒரு மாதிரி வாசிப்பார், டேக்குகளை ஒட்ட முடியாது.

3. ஒரே பக்கத்தில் தாள் எழுதுங்கள்

ஒவ்வொரு பகுதிக்கும் தாள அளவு, பிரிப்பு, பார் எண்ணிக்கை, சந்திக்கும் பார் எண்கள். இவை எல்லாம் ஒரே பக்கத்தில் வர வேண்டும். பக்கம் புரட்டும் சத்தம் மைக்கில் விழும் என்பது ஒரு காரணம். புரட்டும் நேரத்தில் எண்ணிக்கை விட்டுப்போகும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

நேரக் கணக்கையும் எழுதுங்கள். 7/8-இல் ஒரு பார் மூன்றரைக் குவார்ட்டர் நோட், 120 வேகத்தில் 1.75 வினாடி. ஏ பகுதி 28 வினாடி, பி பகுதி 20 வினாடி, ஒரு சுற்று 48 வினாடி. மெட்டு, மூன்று சோலோ, மறுபடி மெட்டு என்று ஐந்து சுற்று போனால் சரியாக 4 நிமிஷம். இது தெரிந்தால் எத்தனை சோலோ தாங்கும் என்று அப்போதே முடிவு செய்துவிடலாம்.

மிருதங்கம் வாசிப்பவரைக் கூப்பிட்டிருந்தால் அவரிடம் பார் என்று பேசாதீர்கள், ஆவர்த்தனம் என்று பேசுங்கள். மெட்டு தட்டுக்கு முன்னால் எடுக்கிறதா, பின்னால் எடுக்கிறதா என்பதை அதீத எடுப்பு, அனாகத எடுப்பு என்று சொன்னால் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். பதினாறு ஆவர்த்தனத்துக்கு அப்புறம் தாளமே மாறும் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு தாளத்தைப் பிடித்தால் உருப்படி முடியும்வரை அதிலேயே நின்று பழகியவர் அவர்.

4. அறை, கரண்டு, நாள்

சிமென்ட் சுவர் அறையில் ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் சின்ன டிரம்) அடித்தால் ஒரு அடி இரண்டு மூன்றாகத் திரும்பி வரும். அடர்த்தியான குறுக்குத் தாளத்தில் அந்த எதிரொலி வாசிக்காத தட்டை எல்லாம் வாசித்தது மாதிரி கேட்கும். இரண்டு பஞ்சு மெத்தையைச் சுவரோரம் நிறுத்துங்கள், டிரம்ஸுக்கு அடியில் கனமான ஜமுக்காளம் விரியுங்கள். பத்தமடைப் பாயைச் சுவரில் தொங்கவிட்டால் பார்க்க நன்றாக இருக்கும், சத்தத்தை அது தடுக்காது. நானும் தொங்கவிட்டுப் பார்த்தவன்தான்.

கரண்டு விஷயத்தில் இரண்டு தொல்லை. விலை மலிவான இன்வெர்ட்டரில் ஓடும்போது கிடாரில் 'ஙொய்' என்று ஒரு இரைச்சல் ஏறும். அந்த நேரத்தில் பதிவு செய்யாதீர்கள். இன்வெர்ட்டர் இல்லாமலேயே இரைச்சல் இருந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் கோளாறு, அன்றைக்கு பேட்டரியிலேயே வேலையை முடித்துக்கொள்ளலாம்.

நாள் பார்ப்பதும் முக்கியம். ஊரில் கோயில் கொடை நடக்கும் வாரத்தில் மைக்கைத் திறக்கவே வேண்டாம். நையாண்டி மேளமும் ஒலிபெருக்கியும் சேர்ந்து வரும்போது எந்த மெத்தையும் காப்பாற்றாது. மார்கழியில் விடிகாலை போச்சு. ஆனி ஆடிக் காற்றுக்கு ஜன்னல் கதவு படபடக்கும், துணி வைத்து இறுக்குங்கள். ஊருக்கு வெளியே தோட்டத்து வீடு அமைதியாக இருக்கும் என்று நம்பி ஒருமுறை போனோம். சாக்ஸபோன் பதிவு முழுக்க மயில் அகவுகிறது.

5. கிளிக்கை நீங்களே செய்யுங்கள்

வாசிக்கும்போது ஹெட்போனில் தட்டைச் சொல்லும் 'டிக்' சத்தம்தான் கிளிக். அதிகப் பேர் சறுக்கும் இடம் இது.

முதலில் வேகம். சில ரெக்கார்டிங் மென்பொருளில் 120 என்றால் குவார்ட்டர் நோட், சிலவற்றில் தாள அளவின் கீழ் எண்ணைப் பார்த்து எய்த் நோட்டை எண்ணும். 7/8 போட்டதும் மெட்டு பாதி வேகத்தில் ஊர்ந்தால் இதுதான் காரணம். தாளில் 'குவார்ட்டர் = 120' என்று முழுதாக எழுதி, ஒரு பாரை ஓடவிட்டு 1.75 வினாடி வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்து டெம்போ மேப், அதாவது எந்த இடத்தில் எந்தத் தாளம், எந்த வேகம் என்று மென்பொருளுக்குச் சொல்லும் வரைபடம். ஏ பகுதி தொடங்கும் இடத்தில் 7/8, பி தொடங்கும் இடத்தில் 4/4 என்று ஐந்து சுற்றுக்கும் குறியிடுங்கள். எல்லாவற்றையும் 4/4-இல் வைத்துக்கொண்டு காதாலேயே சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பார் எண் தப்பாகக் காட்டும். 'பன்னிரண்டாவது பாரில் இருந்து எடுப்போம்' என்று ஒருவர் சொல்ல, ஆளுக்கொரு இடத்தில் ஆரம்பிப்பார்கள்.

அப்புறம் கிளிக் சத்தம். மென்பொருள் தரும் கிளிக் ஏழு எய்த் நோட்டையும் ஒரே மாதிரி அடிக்கும். அதைக் கேட்டு வாசித்தால் தையல் மெஷின் மாதிரி வரும், பிரிப்பும் தெரியாது. தனி மிடி டிராக் (நாம் குறிக்கும் இடத்தில் கம்ப்யூட்டரே சத்தம் எழுப்பும் டிராக்) ஒன்று போட்டு, பிரிப்பின் தலைகளில் மட்டும் சத்தம் வையுங்கள். 3+2+2 என்றால் 1, 4, 6. ஒன்றாவது தட்டுக்குக் கனமான மரக்கட்டைச் சத்தம், மற்ற இரண்டுக்கும் மெல்லிய ஜால்ரா. பி பகுதியில் கிளிக் நான்கை மட்டும் சொல்லட்டும். பேஸ் வாசிப்பவர் தன் ஐந்துக்கும் கிளிக் கேட்பார். கொடுக்காதீர்கள். இரண்டு கிளிக் ஓடினால் எது தரை, எது மேலே நடப்பது என்று அவருக்கே தெரியாமல் போய்விடும்.

பகுதிக்குப் பகுதி வேகம் மாறும் மெட்டாக இருந்தால் எண்ணை முழுமையாக்காதீர்கள். 110-இல் இருந்து நான்குக்கு மூன்று விகிதத்தில் ஏறினால் 146.667 வரும். 147 என்று போட்டுவிட்டு, பழைய வேகத்தில் ஒரு வாத்தியம் அடியில் ஓடிக்கொண்டிருந்தால், ஒரு நிமிஷத்தில் 0.136 வினாடி விலகும். அந்த வேகத்தில் ஒரு எய்த் நோட்டே சுமார் 0.204 வினாடிதான்.

6. வழிகாட்டி டிராக்

டிரம்ஸுக்கு முன்னால் இரண்டு டிராக் போட்டுவிடுங்கள். ஒன்றில் கீபோர்டில் மெட்டும் கார்டும் (சேர்த்து அழுத்தும் சுரங்கள்). இன்னொன்றில் சொற்கட்டு, வாயால். ஏ பகுதிக்கு 'தகிட தக திமி', பி பகுதிக்கு 'தகதிமி'. பகுதி மாறுவதற்கு ஒரு பார் முன்னால் 'பி வருது' என்று சொல்லிவிடுங்கள். கடைசியில் அழித்துவிடப் போகிற குரல்தான், வெட்கப்பட வேண்டாம். டிரம்ஸ் வாசிப்பவருக்குக் கிளிக்கைவிட மனுஷக் குரல்தான் உதவும், ஏனென்றால் குரலில் பிரிப்பு கேட்கும்.

தொடக்கத்துக்கு இரண்டு பார் எண்ணிக்கை வையுங்கள். ஒரு 7/8 பார் இரண்டு வினாடிகூட இல்லை. அதைக் கேட்டுப் பிரிப்பை உள்வாங்க நேரம் போதாது.

அப்புறம், இன்டர்ஃபேஸின் தாமதத்தை ஒருமுறை அளந்துவிடுங்கள். கிளிக்கை வெளியே அனுப்பி, அதே ஒயரை உள்ளே மாட்டிப் பதிவு செய்யுங்கள். புதிய கிளிக் பழையதற்குப் பின்னால் விழுந்திருந்தால் அந்த வித்தியாசத்தை மென்பொருளின் அமைப்பில் கொடுத்துச் சரி செய்யலாம். சாதாரணப் பாட்டில் பத்து மில்லிசெகண்ட் யாருக்கும் தெரியாது. இரண்டு தாளம் உரசும் இடத்தில் 'என்னமோ இழுக்குதே' என்று தோன்றும், காரணம் பிடிபடாது.

7. டிரம்ஸும் பேஸும் ஒரே நேரத்தில்

பேஸ் கிடாரை நேராக இன்டர்ஃபேஸில் மாட்டிவிடலாம், சத்தம் அறைக்குள் வராது. ஆகவே இருவரும் ஒரே அறையில் எதிரெதிரே உட்காரலாம், உட்காரவும் வேண்டும். ஐந்துக்கு நான்கு ஓடும்போது சந்திக்கும் தட்டில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டுவார்கள். தனித்தனியாக எடுத்த டேக்கில் அந்த இறுக்கம் வந்ததே இல்லை.

நான்கு உள்ளீட்டில் ஒன்று பேஸுக்குப் போனால் டிரம்ஸுக்கு மூன்று மிச்சம்: கிக்குக்கு (காலால் மிதிக்கும் பெரிய டிரம்) ஒன்று, ஓவர்ஹெட் (டிரம்ஸுக்கு மேலே வைக்கும் மைக்) இரண்டு. ஸ்னேருக்குத் தனி மைக் இல்லையே என்று கவலை வேண்டாம், ஓவர்ஹெட்டை ஒழுங்காக வைத்தால் போதும். நூல் ஒன்றை எடுத்து ஸ்னேரின் நடுவில் ஒரு முனையைப் பிடியுங்கள். மறுமுனை இரண்டு மைக்கையும் ஒரே அளவில் தொட வேண்டும். தூரம் வேறானால் ஸ்னேர் சத்தம் ஒரு மைக்குக்கு முன்னும் இன்னொன்றுக்குப் பின்னுமாகப் போய்ச் சேர்ந்து, இரண்டையும் கூட்டும்போது மெலிந்துவிடும். கிக் மைக்கின் போலாரிட்டியை (ஒலி அலையைத் தலைகீழாக்கும் அமைப்பு) ஒருமுறை மாற்றிப் போட்டு, மோனோவில் (எல்லாவற்றையும் ஒரே சேனலாகக் கூட்டி) எது கனமாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவுத் தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். சத்தத்தின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் இருந்தால் நிம்மதி. டிரம்ஸ் வாசிப்பவருக்குக் காதை மூடும் ஹெட்போன் கொடுங்கள். திறந்த ஹெட்போனில் இருந்து கிளிக் வழிந்து ஓவர்ஹெட்டில் விழும். மெட்டு அடங்கும் இடத்தில் 'டிக் டிக்' என்று கேட்கும், பிறகு அதை எடுக்கவே முடியாது.

முழு மெட்டையும் ஒரே மூச்சில் மூன்று டேக் எடுங்கள். பகுதி பகுதியாக எடுத்தால் ஏ-யில் இருந்து பி-க்குத் தாவும் அந்த ஒரு தட்டு எப்போதும் செத்துப்போகும். ஏழு தட்டை எட்டாக்கும் பையன் இருந்தால் பாரின் கடைசித் தட்டுக்கு ஹைஹேட்டை (கால் மிதியால் மூடும் ஜோடி சிம்பல்) மிதித்து மூடச் சொல்லுங்கள். மிதித்ததும் அடுத்தது 'ஒன்று' என்று காலே நினைவுபடுத்தும்.

8. வெளி வாத்தியம் சேர்ப்பதானால்

எங்கள் பக்கத்தில் வில்லுப்பாட்டுக் குடம், கணியான் கூத்தின் மகுடம் எல்லாம் ஆளோடு கிடைக்கும். ஜாஸோடு சேர்க்க ஆசை வரும், சேர்க்கலாம். டிரம்ஸ் டேக் உறுதியான பிறகு, தனியாக. மகுடம் தோல் வாத்தியம். மழை ஈரத்தில் தொய்ந்து சுருதி இறங்கும், காய்ச்சிக்கொண்டு வர அவருக்கு நேரம் கொடுங்கள். ஒவ்வொரு டேக்குக்கு முன்னாலும் தனி அடி நான்கைப் பதிவு செய்துகொண்டால், சுருதி எங்கே மாறியது என்று பிறகு தெரியும். குடத்தின் வாய்க்கு நேராக மைக் வைக்காதீர்கள். காற்று வந்து மோதும். ஒரு சாண் தள்ளி, சற்றுச் சாய்த்து வையுங்கள்.

9. கீபோர்டு, மெட்டு, சோலோ

கீபோர்டுக்காரர் செய்யும் ஒரே தப்பு, எல்லாத் தலையிலும் கார்டை அடிப்பது. டிரம்ஸும் கிளிக்கும் சொல்வதையே அவரும் சொன்னால் மூச்சு முட்டும். அவரை 4-ஐயோ 6-ஐயோ மட்டும் தொடச் சொல்லுங்கள்.

மெட்டு பதிவாகும்போது கிளிக்கை நிறுத்திவிடுங்கள். டிரம்ஸும் பேஸும் போதும். சாக்ஸபோன்காரர் கிளிக்கோடு வாசித்தால் சொற்றொடரை ஒவ்வொரு பாரிலும் வெட்டுவார். டிரம்ஸைக் கேட்டு வாசித்தால் பாரைத் தாண்டி நீட்டுவார். சோலோவுக்கும் அதேதான். சோலோ வாசிப்பவர் இடம் தொலைத்தால் நிறுத்தாதீர்கள். சொற்கட்டுக் குரலை மட்டும் மெல்ல ஏற்றுங்கள், இரண்டு பாரில் வந்து சேர்ந்துவிடுவார். தொலைந்து மீண்ட அந்த டேக்கைத்தான் சில மெட்டுகளில் நாங்கள் கடைசியில் வைத்திருக்கிறோம்.

10. எடிட்: சந்திக்கும் இடத்தில் மட்டும் வெட்டுங்கள்

இதற்கு நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன். ஒரு மெட்டில் பி பகுதி சின்னதாக இருக்கிறதே என்று அதன் முதல் 4 பாரைப் பிரதி எடுத்து முன்னால் ஒட்டினேன். டிரம்ஸ் நான்கில் போகிறது, ஒட்டு தெரியவே இல்லை. அதன் மேல் கீபோர்டு, சாக்ஸபோன் எல்லாம் எடுத்து இரண்டு வாரம் ஆன பிறகு, டிரம்ஸ் பையன் ஹெட்போனை மாட்டிக் கேட்டுவிட்டு, "அண்ணே, இங்க பேஸ் ஒரு தட்டு வாசிச்சிட்டு மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்குதே?" என்றான். 4 பார் என்றால் 16 தட்டு. ஐந்து மூன்று முறை போய் ஒன்று மிஞ்சும். அந்த ஒன்று அங்கே அநாதையாக நிற்கிறது. 5 பார் பிரதி எடுத்திருந்தால் 20 தட்டு, சுத்தமாக உட்கார்ந்திருக்கும். மேலே எடுத்ததை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுத்தோம்.

ஆகவே வெட்டுவதற்கு முன் தாளைப் பாருங்கள். பாலிமீட்டர் பகுதியில் சந்திக்கும் பார் எண்களில் மட்டும் கத்தரி. டிரம்ஸின் எல்லா டிராக்கையும் ஒரே குழுவாகக் கட்டிவிட்டு வெட்டுங்கள், ஒன்று மட்டும் நகர்ந்தால் நூல் பிடித்து அளந்ததெல்லாம் வீண். பஞ்ச் இன் (தப்பான இடத்தை மட்டும் மறுபடி பதிவு செய்வது) செய்யும்போது ஒரு முழுச் சுற்று முன்னால் இருந்து ஓடவிடுங்கள்.

நோட்டுகளைக் கிரிட்டின் (திரையில் தட்டுகளைக் காட்டும் கோடுகள்) மேல் தானாக நகர்த்தும் குவான்டைஸ் பொத்தானை அழுத்தாதீர்கள். கிரிட்டுக்கு நான்கு தெரியும், பேஸின் ஐந்து எங்கே சாய்கிறது என்று தெரியாது. கண்ணுக்குத் தப்பாகத் தெரியும் நோட்டைக் கண்ணை மூடிக் கேளுங்கள். காதுக்கும் தப்பாகப் பட்டால் அந்த ஒரு நோட்டை மட்டும் கையால் நகர்த்தலாம்.

11. மிக்ஸில் ஒரு விஷயம்

இரண்டு தாளமும் தனித்தனியாகக் கேட்க வேண்டுமென்றால் அவை தனித்தனி உயரத்தில் இருக்க வேண்டும். பேஸின் ஐந்தும் கிக் டிரம்மும் ஒரே அடித்தளத்தில் மோதினால் கூழாகிவிடும். பி பகுதியில் நான்கைச் சொல்லும் வேலையை ரைடு சிம்பலுக்குக் கொடுத்து, கிக்கைச் சற்று இறக்குங்கள். எதிரொலி சேர்க்கும் ரிவெர்பைக் குறைவாக வையுங்கள், அடர்ந்த தாளத்தில் வால் நீண்டால் அடுத்த தட்டை மூடும். பிறகு செல்போன் ஸ்பீக்கரில் கேளுங்கள். அதில் பேஸ் காணாமல் போனால் ஐந்தும் காணாமல் போச்சு, மெட்டு வெறும் 4/4 ஆகிவிடும். பேஸுக்கு மேல்ஸ்தாயியில் கொஞ்சம் கடுமை சேர்த்தால் திரும்பி வரும்.

கோப்பைச் சேமிக்கும்போது பெயரிலேயே பிரிப்பையும் வேகத்தையும் எழுதிவிடுங்கள். எங்களுடையது 'மெட்டு6_322_120_டேக்3' என்கிற மாதிரி இருக்கும். ஆறு மாதம் கழித்துத் திறக்கும்போது 3+2+2-ஆ 2+2+3-ஆ என்று நாங்களே சண்டை போட்டிருக்கிறோம்.